பாமாவுக்கு மெதுவாகச் சொல்லவும்

அமெரிக்கா எப்படி ஒரு நாடானது என்பது சத்தியபாமாவின் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருடமாக அவளுடைய கணவன் மகேந்திரராஜா எழுதிவரும் ஆராய்ச்சியைத் தட்டச்சு செய்கிறவள் அவள்தான். பகலில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் ஊரார் கடிதங்களை அடிப்பாள். மாலையில் சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில், ரயில் பாதையோரத்து மாடிவீட்டில், குசினி மேசையில், வாஷிங்டனையும் ஜெஃபர்சனையும் அடிப்பாள். மூன்று பிரதி, நடுவில் இரண்டு கரித்தாள். ஓர் எழுத்துப் பிழைத்தால் மூன்று தாளிலும் சுரண்ட வேண்டும்.

மகேந்திரராஜா மேற்குப் புறநகர் ஒன்றில் பள்ளிக்கூடத்து வரலாற்று ஆசிரியர். அடிக்குறிப்பு இல்லாமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாத மனிதர். பக்கத்தின் அடியில் எத்தனை வரி இடம் விடவேண்டும் என்று அளந்து அளந்து பாமாவின் கண் பூத்துப்போயிருந்தது. அடித்த பக்கத்தை அவர் சிவப்புப் பேனாவோடு வாசிப்பார். ஒரு பக்கமாவது சிவப்புப் படாமல் தப்பியதில்லை. பிழை இல்லாவிட்டால் தானே எழுதியதை மாற்றியாவது ஒரு கோடு இழுத்துவிடுவார்.

ஆராய்ச்சி என்னவென்றால், பதின்மூன்று குடியேற்றங்களாகச் சிதறிக் கிடந்த சனத்துக்கு 'நாங்கள் ஒரு நாடு' என்ற எண்ணம் எப்போது, எதனால் வந்தது என்பது. 1789இல் தொடங்கி 1815இல் முடியும். பாமா அதை முதலில் கண்ணால் மட்டும்தான் அடித்தாள். பிறகு இடையிடையே மூளையும் உள்ளே போய்விடும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பத்து வருடம் ஆகவில்லை, அதற்குள், வெளியிலிருந்து வந்தவன் குடியுரிமை கேட்க ஐந்து வருடம் போதாது, பதினான்கு வருடம் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். "நேற்று வந்து இறங்கினவையே இண்டைக்கு வாறவனுக்குக் கதவைச் சாத்தினமோ?" என்று ஒரு நாள் கேட்டாள். அடுத்த வாரம் அந்த வசனம் நல்ல ஆங்கிலத்தில் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு போடும் மனிதர் அதற்கு மட்டும் போடவில்லை.

பாமாவுக்குப் பிறந்த வீட்டு உறவென்று மிஞ்சியிருந்தவன் ஒருவன்தான், தம்பி இந்திரகுமார். இருபத்தேழு வயது. அனுராதபுரத்தில் நீர்ப்பாசன இலாகாவில் கிளார்க். அம்மா முன்னமே போய்விட்டார். அப்பா 1972இல் போனார். தம்பியைச் சிட்னிக்கு எடுப்பதற்கு இரண்டு வருடமாக மனு ஓடிக்கொண்டிருந்தது. 77 ஜூலையில்தான் கோப்பு அசைந்து, செப்டெம்பரில் கொழும்பில் நேர்முகம் என்று கடிதம் வந்தது. பாமா அன்றைக்கே ஒரு மடக்குக் கட்டிலும் தடித்த கம்பளியும் வாங்கிச் சின்ன அறையில் வைத்துவிட்டாள். எப்படியாவது அவன் வந்து அந்தக் கட்டிலில் படுக்கவேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

இந்திரகுமாருக்கு அரசியல் என்றால் பகிடி. அத்தான் சமஷ்டி, அமெரிக்கா, அரசியலமைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதினால் அவன் நான்கு வரியில் பதில் போடுவான். ஒரு முறை எழுதியிருந்தான்: 'அத்தான், இஞ்சை மேடையில ஏறுறவன் எல்லாரும் இரத்தத்தைச் சிந்துவன் எண்டுறான். கூட்டம் முடிய எல்லாருக்கும் சளி, கடலை விக்கிறவனுக்குத்தான் காசு. எனக்கு ஒரு நாடும் வேண்டாம். கதவைத் திறந்து வைச்சுச் சோறு தின்ன ஒரு இடம் காணும்.' மகேந்திரராஜாவுக்கு இது பிடிக்கவில்லை. பாமா அந்தக் கடிதத்தைத் தட்டச்சுப்பொறியின் மூடிக்குள் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் நடுவில் இலங்கையில் தமிழருக்கெதிரான கலவரம் தொடங்கியது. சிட்னிப் பத்திரிகையில் உள்பக்கத்தில், குதிரைப் பந்தய முடிவுகளுக்கு மேலே, நான்கு வரி. அனுராதபுரம் என்ற பெயரும் அதில் இருந்தது. கொழும்பில் இருந்த சித்தப்பா மகன் யோகேஸ்வரனின் வீட்டுக்கு ஒப்பரேட்டர் மூலம் மூன்று நாள் முயன்றார்கள். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை என்றாள் ஒப்பரேட்டர்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை. பாமா கந்தோரால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகேந்திரராஜா வந்தார். கூடவே சிவனேஸ்வரி. சிவனேஸ்வரி ஆஸ்பத்திரித் தாதி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், வேலை நாளில் ஒருவர் வீட்டுக்கும் போகாதவள். அவள் நேரே குசினிக்குள் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். "முதல்ல சாப்பிடும் பாமா. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்" என்றார் மகேந்திரராஜா.

பாமாவுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சாவுச் செய்தியை யாரும் சாவு என்று சொல்வதில்லை. பக்கத்தில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து இருத்தி, வயிற்றுக்குள் நாலு பிடி சோறு போன பிறகு, கொஞ்சம் சுகமில்லையாம் என்று தொடங்குவார்கள். தந்தி பள்ளிக்கூடத்துக்கு, மகேந்திரராஜாவின் பெயருக்கு வந்திருந்தது. 'இந்திரன் கொழும்பு ஆஸ்பத்திரியில். பாமாவுக்கு மெதுவாகச் சொல்லவும். யோகேஸ்வரன்.'

ஐந்து வருடத்துக்கு முன் இதே யோகேஸ்வரன் இதே மாதிரி ஒரு தந்தி அடித்திருந்தான். 'பெரியப்பா ஆஸ்பத்திரியில். பாமாவுக்கு மெதுவாகச் சொல்லவும்.' பாமா பத்து நாள் நேர்த்தி வைத்து, விரதமிருந்து, அப்பாவுக்கு ஆறுதல் சொல்லி இரண்டு கடிதமும் போட்டாள். பிறகு வந்த கடிதத்தில் தந்தி அடித்த அன்று விடியவே அப்பா போய்விட்டதாகவும், அக்கா தாங்கமாட்டா என்றுதான் அப்படிப் போட்டதாகவும் இருந்தது. அந்தப் பத்து நாள் நம்பிக்கையை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கும். இரண்டாம் முறையும் ஏமாற அவள் தயாரில்லை. தந்தியை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு நிலத்தில் இருந்து, சிவனேஸ்வரி அவளைப் பிடித்துக்கொள்ள, வாய்விட்டு அழுதாள்.

சிட்னியில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள். எல்லாரும் வந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் நடந்தது. இந்திரகுமாரின் படத்துக்கு மாலை போட்டு, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தார்கள். யோகேஸ்வரனுக்கு மகேந்திரராஜா அனுதாபக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. அவன் குடும்பத்தோடு அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போய்விட்டது பிறகுதான் தெரியவந்தது.

எட்டாம் நாளோடு பாமாவின் கண்ணீர் நின்றது. துக்கம் ஆறி நிற்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபின் உதட்டைக் கடித்தாலும் தெரியாதே, அப்படி ஆகிவிட்டது. கந்தோருக்குப் போனாள். கோப்பி போட்டாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். மடக்குக் கட்டிலின்மேல் தோய்த்த உடுப்புகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

ஆராய்ச்சி ஒப்படைக்கக் கடைசி நாள் செப்டெம்பர் 30. மகேந்திரராஜா நாள் கேட்டு எழுதலாம் என்றார், அது உண்மையான அக்கறைதான். பாமா வேண்டாம் என்றாள். சும்மா இருந்தால் கை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாலை ஆறிலிருந்து எட்டுவரை அடித்தாள். ஆறாம் அத்தியாயம் 1812ஆம் ஆண்டுச் சண்டை. பிரித்தானியரோடு சமாதான ஒப்பந்தம் 1814 டிசெம்பர் 24இல் ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடல் தாண்டி வரவில்லை. அது தெரியாமல் பதினைந்து நாள் கழித்து நியூ ஓர்லியன்ஸில் ஒரு பெருஞ்சண்டை. ஆயிரக்கணக்கில் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். வெற்றிச் செய்தி தலைநகருக்கு முதலில் போனது, சமாதானச் செய்தி பிந்திப் போனது. சனம் தாங்கள்தான் பிரித்தானியரை மண்டியிட வைத்தோம் என்று தெருவில் இறங்கியது. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் அந்த நாடு தன்னை நாடென்று முழுதாக நம்பியது என்பது மகேந்திரராஜாவின் முடிவு. நாட்டுப்பற்று எப்போதும் உண்மையில் பிறப்பதில்லை, சில வேளை பிந்தி வந்த ஒரு தபாலில் பிறக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல பாமா அடித்தாள். அவளுக்கு அது வெறும் எழுத்தாகவே போய்க்கொண்டிருந்தது.

செப்டெம்பர் இரண்டாம் வாரம் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. இந்திரகுமாரை வைத்துப் பராமரிக்க ஒப்புக்கொள்ளும் பத்திரத்தைப் பதினான்கு நாளில் திருப்பி அனுப்பவும். மகேந்திரராஜா ஒரு வேலையை அரைகுறையாக விடுகிறவரல்லர். பதில் எழுதாமல் விடலாம் என்று சிவனேஸ்வரி சொல்லியும் கேட்கவில்லை. அரசாங்கக் கோப்பு திறந்தபடி கிடக்கக்கூடாது என்றார். அவர் சொன்னார், பாமா அடித்தாள். 'விண்ணப்பதாரர் கடந்த ஆகஸ்ட் மாதக் கலவரத்தில்' என்றதோடு நிறுத்திவிட்டார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிப் பார்க்கையில் 'காலமானார் என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம்' என்று அவளே முடித்திருந்தாள். கைகள் பழக்கத்தில் இரண்டு கரித்தாளும் வைத்திருந்தன. ஒரு பிரதியைக் கோப்பில் போட்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி செப்டெம்பர் 22, வியாழக்கிழமை. குருக்கள் எங்கே தேடுவது? கிரவீனில் இருந்த சடகோபனைக் கேட்டார்கள். கும்பகோணத்துக்காரர், வைணவர், தொழில் கணக்காய்வு. புத்தகத்தைப் பார்த்து மந்திரம் சொல்ல ஒப்புக்கொண்டார். எள்ளும் தண்ணீரும் எடுத்து வைக்கும்போது மெதுவாகக் கேட்டார், உடலை யார் பார்த்தது என்று. ஒருவரும் பார்க்கவில்லை என்று சொல்லி மகேந்திரராஜா தந்தியைக் காட்டினார். சடகோபன் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார்.

"ஆஸ்பத்திரின்னுதானே சார் போட்டிருக்கு?"

அறையில் இருந்த எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பாவம், இந்தியாக்காரர், எங்கள் முறை தெரியாது. மகேந்திரராஜா அவர் தோளில் தட்டி, "எங்கட ஆக்கள் அப்பிடித்தான் எழுதுவினம் ஐயா" என்றார். சடகோபன் தலையாட்டிவிட்டு எள்ளை அவர் கையில் கொடுத்தார். பாமா அதைக் கேட்டாள். கேட்டும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அன்றைக்கு அவள் ஒரு நிமிடம் திடுக்கிட்டிருந்தாலும் போதும், கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். ஆனால் செத்தவனைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு யார் எடுப்பார்கள்? எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மகேந்திரராஜா உடுப்புத் தோய்க்கக் கீழே போயிருந்தார். கொழும்பிலிருந்து அழைப்பு, மூன்று நிமிடம், எடுக்கிறீர்களா என்று கேட்டாள் ஒப்பரேட்டர். யோகேஸ்வரனாக்கும் என்று நினைத்து ஓம் என்றாள்.

"அக்கா, நான் இந்திரன்."

பாமா சுவரில் சாய்ந்துகொள்ளவில்லை. கத்தவில்லை. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்றுதான் முதலில் தோன்றியது. நிற்கும் இடத்தைப் பார்த்தாள். மாலை போட்ட படம் எதிரே தொங்கியது. மாலை காய்ந்திருந்தது.

"சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். அனுராதபுரம் ரயில் ஸ்டேஷனில் தொடை எலும்பு முறிந்து, தலையிலும் அடி. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி. வாட்டில் மேட்ரனின் மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. "அக்கா சிட்னியில, இப்ப எடுப்பா எண்டு வாட் முழுக்கச் சொல்லி வைச்சனான். மணி அடிக்கிற நேரமெல்லாம் எல்லாரும் என்னைப் பாப்பினம்." இரண்டு கடிதம் போட்டானாம், வந்ததோ தெரியாது. வெள்ளிக்கிழமை கக்கத்தில் கட்டையோடு ஆஸ்திரேலியத் தூதரகத்துக்குப் போனான். நேர்முகம் அன்றைக்குத்தான். அங்கே இருந்த பெண் கோப்பைத் திறந்து பார்த்து, அவனையும் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டாளாம்.

"நான் செத்திட்டன் எண்டு நீங்கள் எழுதிக் குடுத்திருக்கிறீங்களாம், அக்கா."

"ஓம்" என்றாள் பாமா. "நான்தான் அடிச்சனான்."

பிறகு அவளே சொன்னாள். "தந்தியில ஆஸ்பத்திரி எண்டிருந்தது. மெதுவாச் சொல்லச் சொல்லி. அப்பாவுக்கும் அப்பிடித்தானே வந்தது."

அவன் ஏசியிருந்தால் அவளுக்கு ஏதாவது உறைத்திருக்கும். அவன் ஏசவில்லை. அவனும் எங்கள் ஆள்தானே, சொன்ன உடனே விளங்கிவிட்டது. "ஓம்... அப்பிடித்தான் விளங்கியிருக்கும்" என்று சின்னதாகச் சிரித்தான். "யோகேஸ் அண்ணை இந்த முறை உண்மையை எழுதிப்போட்டார்."

"அத்தானைக் கொண்டு நாளைக்கே எழுதுவிக்கிறன். பிழையாப் போச்சுது எண்டு."

"வேண்டாம் அக்கா."

"என்ன வேண்டாம்?"

"திருத்த வேண்டாம். அது அப்பிடியே கிடக்கட்டும்." அவன் குரலில் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெடியள்தான் அவனை இருத்தி எழுப்பினார்களாம், சோறு ஊட்டினார்களாம், மலசலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். "ஐஞ்சு கிழமை ஒரு சொந்தமும் வரேல்ல. அவங்கள்தான் வந்தாங்கள். ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு கதை. நான் முந்தி அதையெல்லாம் பகிடி பண்ணினனான். செவ்வாய்க்கிழமை கப்பல் இருக்கு, அவங்களோட ஊருக்குப் போறன். எனக்கு அங்கை வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"போனில சொல்லேலாது."

"இஞ்சை உனக்குக் கட்டில் போட்டிருக்கிறன், இந்திரா."

"அக்கா, நீங்கள் ஒருக்கா அழுது முடிச்சிட்டீங்கள்தானே. அது காணும். அந்தக் கணக்கில வைச்சிருங்கோ."

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்றாள் ஒப்பரேட்டர். அந்த நிமிடம் முழுக்கப் பாமா காதோடு வைத்துக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டாள். தன்னுடைய தம்பி உயிரோடு மூச்சு விடுகிறான், இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு நின்றது. போட்டு வாறன் என்றான் அவன். எங்கள் ஆட்கள் போகும்போது போறன் என்று சொல்வதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் இனி யோசிக்க விரும்பவில்லை.

மகேந்திரராஜா உடுப்புக் கூடையோடு மேலே வந்தபோது சொன்னாள், இந்திரன் உயிரோடு இருக்கிறான், வரமாட்டானாம் என்று. கூடை கையிலிருந்து நழுவியது. அவர் அப்படியே நிலத்தில் இருந்து, முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாக அழுதார். பிறகு எழுந்து திணைக்களத்துக்குக் கடிதம், தூதரகத்துக்குத் தந்தி, யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு தந்தி என்று அறைக்குள் நடந்தார். கப்பல் புறப்பட இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்றார். அவன் வேண்டாம் என்றுவிட்டான் என்று பாமா திரும்பவும் சொன்னாள். எதற்கு வேண்டாம் என்றான், அப்படி யோசிக்கிற பெடியன் இல்லையே அவன், எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தில் ஒரு சனம் எப்போதிருந்து அப்படி ஆனது என்று நானூறு பக்கம் எழுதியவர் கேட்ட கேள்வி அது. பாமா இந்திரனின் படத்தை எடுத்து, காய்ந்த மாலையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். படத்தைத் திரும்ப மாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் மடக்குக் கட்டிலில், உடுப்புகளின்மேல், முகம் தெரிய வைத்தாள்.

பிறகு வந்து கதிரையை இழுத்துப்போட்டுத் தட்டச்சின் முன் இருந்தாள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்கவேண்டும், முடிவுரையின் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. மூன்று தாள், இரண்டு கரித்தாள். ஒப்பந்தம் கையெழுத்தான செய்தி நேரத்துக்கு வந்திருந்தால் நியூ ஓர்லியன்ஸில் விழுந்தவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்ற இடத்தில் மகேந்திரராஜா அவளுடைய தோளில் கை வைத்தார். இதை இப்போது விடும், பாமா என்றார். அவள் விடவில்லை. அடிக்குறிப்புக்கு ஏழு வரி இடம் விட்டு, ஏழு வரியையும் அடித்து, தாளை உருவி அவரிடம் கொடுத்தாள்.

அவர் வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மீண்டும் வாசித்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கத்தில் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.